டிப்போவில் கொடுத்த பாதி

இருபத்தொன்பது வருடம்
வூச் நகரம்தான் எனக்கு உடுத்திவிட்டது.
கருநீலக் கால்சட்டை, கருநீல மேல்கோட்டு,
கோடையில் மட்டும் வெளிர்நீலத்துக்கு அனுமதி.
விடிகாலை மூன்றேகாலுக்கு
விளக்குப் போடாமலே உடுத்தலாம்.
எதை எடுத்தாலும் எதற்கும் பொருந்தும்.

ஆள் பாதி ஆடை பாதி என்றால்
ஓய்வுபெற்ற அன்று
பாதி ஹொனொராத்தாவை மடித்து
கவுன்ட்டரில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.
"தொப்பி ஒன்று குறைகிறது" என்றான் குமாஸ்தா.
காற்றில் போனது. தொண்ணூற்றேழில்.

மறுநாள் அலமாரியைத் திறந்தால்
சாவுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று.
நடுவில்
உயிரோடு இருப்பதற்கு ஒன்றுமில்லை.

தங்கை மகள் கிங்கா வந்தாள்.
துணித்துண்டுகளை என் தாடைக்கடியில்
ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்து
"பெரியம்மா, நீங்க இலையுதிர்காலம்" என்றாள்.
எந்த மாதம், என்றேன்.
நவம்பர் என்று சொல்லிவிடுவாளோ என்றிருந்தது.
அவள் பேச்சைக் கேட்டு
கடுகு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன்.
நிறம் சரிதான்.
உள்ளே இருந்தவள்தான்
தெரியாத வீட்டு விருந்துக்கு வந்தவள்போல்
நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு சிறுத்தைப்புள்ளி.
அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

எங்கள் தெருமுனையில் பழைய துணிக்கடை.
வியாழன் புதுச்சரக்கு, கிலோ தொண்ணூறு ஸ்வோத்தி.
நாளுக்கு நாள் விலை இறங்கி
புதனன்று எதை எடுத்தாலும் மூன்று.
வியாழனில் முழங்கைகள்தான் பேசும்.
நான் செவ்வாய்க்காரி.
யாருக்கும் வேண்டாதவற்றிலிருந்து
எனக்கு வேண்டாதவற்றைத்
தள்ளிக்கொண்டே போவேன்.

அப்படித்தான் தெரிந்தது:
கழுத்தை இறுக்குவது எனக்கு ஆகாது.
மினுங்குவதும் ஆகாது,
மழை இரவுத் தண்டவாளங்களைப் பார்த்து அலுத்த கண்.
பூ பிடிக்கும், சின்னப் பூ பிடிக்காது.
இடது கை எந்நேரமும் வேலையில் இருந்ததால்
வலப்பக்கம் பை இல்லாத உடையில்
எனக்குக் கை ஒன்று உபரி.
இதையெல்லாம் அறுபது வயதுவரை
யாரும் என்னிடம் கேட்டதில்லை.
நானும்தான்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்.
ஆண்கள் பகுதியில்,
பட்டறையில் போடுகிற மாதிரி ஒரு கோட்டு.
பீட்ரூட் வேகவைத்த தண்ணீரின் நிறம்.
நான்கு பைகள், வலப்பக்கமே மூன்று.
கை ஒரு சாண் நீளம்; இரண்டு மடிப்பு மடித்தேன்,
உள்ளிருந்து சாம்பல் கோடுகள் எட்டிப் பார்த்தன.

கண்ணாடிக்குப் போகவில்லை.
குனிந்து ஷூ நாடா கட்டினேன்.
உயரக் கம்பியை எட்டிப் பிடித்தேன்.
மணியடிக்கக் காலை அழுத்தினேன்,
பழக்கதோஷம்.
எங்கும் இழுக்கவில்லை.
நிமிர்ந்து நில் என்று அது சொல்லவில்லை.
அப்புறம்தான் கண்ணாடி.
அங்கே நின்றவளை எங்கேயோ பார்த்திருக்கிறேன்;
பெயர்தான்
தொண்டைவரை வந்து நின்றது.

தராசில் ஒரு கிலோ நூற்றுப்பத்து கிராம்.
பொத்தான்கள் ஐந்தும் கருநீலம்.
அன்றிரவே வெட்டிப்போட்டேன்.
பச்சை நான்கு, மரத்தில் ஒன்று.
ஐந்தாவது பச்சை கிடைக்கவில்லை.
இனிக் கிடைத்தாலும் தைக்கமாட்டேன்.

ட்ராமுக்காக ஓடியதே இல்லை நான்.
நான் ஏறாமல் அது எங்கே போகும்?
நேற்று முதல்முறை ஓடினேன்,
கோட்டு பின்னால் பறக்க.
ஓட்டுநர் பையன் கதவை மூடாமல் காத்திருந்தான்.
என்னை அவனுக்குத் தெரியாது.

அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர்.
பைக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்தேன்.
புரட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"அம்மா, இது கோதன்பர்க் ட்ராம் டிக்கெட்."

யாரோ, என்றோ, அங்கே ஏறியிருக்கிறார்.

மன்னிப்புக் கேட்டுவிட்டு
மற்ற மூன்று பைகளில் தேடத் தொடங்கினேன்.
அவசரப்படவில்லை.